ஏற்றத்தில் இரண்டு லொறிகள்

அப்பாவின் போனில் ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டிருந்தாள் சிவநந்தினி. ஹாலில் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“மூணு மணிக்கு எடுக்கிறோம்னு சொல்லுங்கக்கா,” என்று வாசலில் கூடாரம் கட்டுகிறவர்களுக்கு நடுவிலிருந்து தம்பி தர்மேந்திரன் குரல் கொடுத்தான்.

ஸெய்னுலாப்தீனின் நம்பர் கிடைத்தது. இரத்தோட்டைக்காரர். அப்பாவைப் போலவே முப்பது வருஷம் மிளகு லொறி ஓட்டியவர். விஷயத்தைச் சொன்னாள்.

“நேத்துக் காலையிலயும் பேசினாரே மகள்... இருங்க, வாறேன்.”

போனைக் கீழே வைக்கப் போனபோது ஒரு மெயில் வந்து விழுந்தது. ஜெர்மனியிலிருந்து, அப்பாவின் வகுப்பு ஆசிரியையிடமிருந்து.

லொறியை விட்டு வீட்டோடு இருந்துவிட்ட காலத்தில் அப்பா அழகர்சாமி தற்செயலாக ஒரு ஓர்கன் இசையைப் போனில் கேட்டார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன்காரர்கள் எழுதியது. அதோடு அவர் மாட்டிக்கொண்டார். அங்கே ஒரு பல்கலைக்கழகம் அந்தக் காலத்து இசையை இணையத்தில் இலவசமாகப் படிப்பிக்கிறது என்று தெரிந்து, அதிலும் சேர்ந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் வாராவாரம் பாடம் கேட்டுக் கொப்பி நிறைய எழுதினார்.

“ஒரு குரல் முன்னால போகுது நந்தினி. இன்னொண்ணு அதையே சொல்லிக்கிட்டுப் பின்னால வருது. ஒண்ண ஒண்ணு அமுக்கல பாரேன்,” என்பார், அவள் தேங்காய் திருவும்போது. அவள் “ம்” என்பாள்.

கடைசியில் இங்கிலீஷில் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது. தமிழில் நான்கு பக்கம் எழுதி, இங்கிலீஷ் டீச்சரான மகளிடம் கொடுத்தார். அப்போது அவளுக்கு விடைத்தாள் திருத்தும் காலம். மூன்று தரம் நினைவூட்டினார். கடைசித் தேதியன்று அவள் அவருடைய தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வெப்சைட்டுகளிலிருந்து பத்திகளை வெட்டி ஒட்டி, அவர் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

“அனுப்பிட்டேம்ப்பா.”

அன்றைக்கு அவர் முழங்கால் வலியோடு சந்திவரை நடந்துபோய் எல்லோருக்கும் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்தார். ஒரு மாதம் கழித்து, ரிசல்ட் வந்ததா என்று கேட்டாள். “பாப்போம்” என்றார். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விட்டது தொல்லை என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது மெயிலைத் திறந்தாள். ‘உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தோம். கட்டுரை களவென்று உங்கள் மீது போட்ட தடையை நீக்குகிறோம். நீங்களே எழுதியதை உங்கள் மொழியிலேயே அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன்.’

அதற்குக் கீழே அப்பாவின் கடிதம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. உடைந்த இங்கிலீஷ். முதல் வரியிலேயே அவள் கண் பழக்கதோஷத்தில் பிழைகளை எண்ணத் தொடங்கி, சட்டென்று நின்றது.

‘களவாக எடுத்துப் போட்டது நான். என் மகள் சரியாகத்தான் மொழிபெயர்த்துத் தந்தாள். நான்தான் அதை மாற்றினேன். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். தயவுசெய்து அவள் பெயர் எங்கேயும் வரக்கூடாது.’

ஏழு மாதம். தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு ஸெய்னுலாப்தீன் வந்தார். பெட்டியருகே வெகுநேரம் நின்றுவிட்டு, சிவநந்தினி இருந்த பக்கம் வந்தார். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய பள்ளிக்கூட அதிபர் நூருன்னிஸா உட்கார்ந்திருந்தார்.

“இந்த மகள் இல்லாட்டி அந்தப் படிப்பே இல்லம்பாரு டீச்சர்,” என்றார் அதிபரைப் பார்த்து. “நாலு பக்கம் எழுதினாராம். ஒரு சொல்லு விடாம இங்கிலீஸ்ல மாத்திக் குடுத்தாவாம். போற வாற எடமெல்லாம் சொல்லுவாரு.”

அதிபர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “குடுத்து வச்ச மனுசன்.”

“இல்ல மாமா...” என்றாள் சிவநந்தினி. சுற்றியிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். தண்ணீர்ப் போத்தல்களோடு உள்ளே வந்த தர்மேந்திரனும் நின்று பார்த்தான். சொல்ல வந்ததை அவள் மாற்றிக்கொண்டாள்.

“நான் சும்மா டைப் பண்ணித்தான் குடுத்தேன்.”

“பாத்தீங்களா, அவரு மாதிரியேதான். தன்னப் பெருசா சொல்லிக்க மாட்டா,” என்றார் ஸெய்னுலாப்தீன். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

மூன்று மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். ஆண்கள் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். அவள் அறைக்குள் போய்ப் பழைய மார்க்ஸ் ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கட்டிலில் கொட்டினாள். அப்பாவின் தாள்கள் மூன்றுதான் கிடைத்தன. பின்பக்கமெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள், பென்சிலில், அவள் கையெழுத்தில்.

திருப்பி வாசித்தாள்.

‘இரத்தோட்டை ஏற்றத்தில் இரண்டு லொறி போனால், முன்னால் போகிறவன் வளைவில் ஹோர்ன் அடிப்பான். பின்னால் வருகிறவன் அந்த வளைவுக்கு வந்ததும் அதே மாதிரி அடிப்பான். அதற்குள் முன்னவன் அடுத்த வளைவில் அடிப்பான். அவனவனுக்கு அவனவன் பாதை. இரண்டையும் சேர்த்துக் கேட்பது மலை மட்டும்தான். இந்த இசையைக் கேட்கும்போது நான் லொறிக்காரன் இல்லை, மலை. இனி மூன்றாவது லொறி வந்து சேரும்போது’

இரண்டாம் பக்கம் அதோடு முடிந்தது. அடுத்த தாளின் மூலையில் நான்கு என்று போட்டிருந்தது.

ஃபைல்களை உதறினாள். அலுமாரியின் அடியில் கையைவிட்டுத் துழாவினாள். கட்டிலை இழுத்துப் பார்த்தாள். வெளியே யாரோ அவளைக் குளிக்கக் கூப்பிட்டார்கள். “வாறேன்” என்றாள்.

மேசையில் கிடந்த ரப்பரை எடுத்து, முதல் தாளைக் கவிழ்த்து வைத்து, மறுபக்கத்து எழுத்தில் அழுத்தம் விழாதபடி, பென்சில் புள்ளிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.