நடு மத்தியாஸ் மனைவியின் பெயர்

1.

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து எனக்குக் கிடைத்தது. தப்பு என்னுடையது இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். செய்தவர் என் பெரியண்ணன் போனிபாஸ். அவர் இதைப் படிக்க மாட்டார். படித்தாலும் பாதியில் காதைப் பொத்திக்கொள்வார். ஏன் என்று இரண்டாம் பகுதியில் சொல்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் அன்று பொன்னிறமாக—" (நிறுத்திவிட்டேன். எங்கள் கடல் எந்தக் காலத்திலும் பொன்னிறமாக இருந்ததில்லை.)

அடுத்து: "தாய்மை என்பது—" (இப்படித் தொடங்கிய எந்த ஆணும் அந்த வாக்கியத்தை உருப்படியாக முடித்ததில்லை.)

மூன்றாவது பரவாயில்லை: ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, சுகாதார நிலையத்தில் சிஸ்டர் லுட்வினா தேநீரில் பிஸ்கட்டை முக்கிய அதே நொடியில் ரேடியோ கரகரத்தது.

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

2.

"ஹலோ, ஹலோ, சுகாதார நிலையம். பொம்பளைக்கு வலி எடுத்துருச்சு. போட் அனுப்புங்க. ஓவர்."

"யாரு பேசுறது? பொம்பளை பேரு என்ன? ஓவர்."

"போனிபாஸ் பேசுறேன். பொம்பளை... நம்ம வீட்டுப் பொம்பளை. ஓவர்."

"பேரு, போனிபாஸ், பேரு!"

"தம்பி பொண்டாட்டி, சிஸ்டர்."

இங்கேதான் சிக்கல். எங்கள் பாஷையில் 'தம்பு' என்றால் கல்யாணத்தால் வந்த சொந்தம்: மாமியார், மச்சினி, தம்பி பொண்டாட்டி எல்லாம். அதே சொல்லுக்கு 'கூடாது' என்றும் பொருள். (மொழி சில சமயம் தேவைக்கு மேல் நேர்மையாக இருக்கும்.) தம்புவின் பெயரைச் சொல்லக் கூடாது, காதில் விழவும் விடக் கூடாது. பெயருக்குப் பொருள் இருந்தால் அந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது.

"எந்தத் தம்பி?"

"மத்தியாஸ்."

சிஸ்டர் கர்ப்பிணிகள் பதிவேட்டைப் புரட்டினார். எங்கள் ஊரில் அந்த மாதம் பேறுகாலம் மூன்று பேருக்கு. மூவருக்கும் 'கணவர்' என்ற இடத்தில் மத்தியாஸ். (முன்பொரு பாதிரியார் புனித மத்தியாஸ் திருநாளன்று ஊருக்கு வந்து, ஒரே மூச்சில் பதினோரு பையன்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார். யோசிக்க அவருக்கு நேரமில்லை.)

"பெரிய மத்தியாஸா, சின்ன மத்தியாஸா?"

"நடு மத்தியாஸ்."

"நடுவுல ஒருத்தர் வேற இருக்காரா?"

"பெரியவருக்கும் சின்னவருக்கும் நடுவுல வேற யாரு இருப்பா, சிஸ்டர்?"

பதிவேட்டில் பெரிது, சின்னது, நடு என்றெல்லாம் எழுதப் பத்தி கிடையாது.

3.

சிரிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்வோம். சிஸ்டர் அப்போதே நிறுத்திவிட்டார். மூன்று பெயர்களில் ஒன்றைச் சுற்றி அவர் கையாலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. போன பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரும்பாடு. அவளாக இருந்தால் போட்டை மட்டும் அனுப்பி அழைத்துவரச் சொல்ல முடியாது. குளிர்பெட்டியில் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு சிஸ்டரே போக வேண்டும், உடனே. மற்ற இருவரில் ஒருத்தியாக இருந்தால் சிஸ்டர் இங்கேயே இருக்க வேண்டும். ஏனென்றால் வார்டில் இன்னொருத்தி ஏற்கெனவே வலியோடு படுத்திருக்கிறாள். நிலையத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் சிஸ்டர் ஒருவர்தான்.

"போன தடவை ரொம்ப ரத்தம் போச்சே, அவளா?"

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். எனக்கெப்படித் தெரியும், சிஸ்டர்?"

(இங்கே கெட்டிக்கார வாசகர் ஒருவர் கை தூக்குகிறார்: சிஸ்டரே மூன்று பெயரையும் வாசித்து, ஆமா இல்லை என்று கேட்டிருக்கலாமே? கேட்டார். ஆனால் மூன்று மத்தியாஸும் தம்பி முறை; மனைவிமார் மூவருமே போனிபாஸுக்குத் தம்பு. ஒவ்வொரு பெயருக்கும் அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். ரேடியோவின் பேசுகருவி மூன்று முறை தரையில் விழுந்தது. உட்காரலாம்.)

பிறகு போனிபாஸுக்கு ஒரு வழி தோன்றியது. வாழ்நாளில் அவருக்குத் தோன்றிய நல்ல யோசனை அது ஒன்றுதான்.

"சிஸ்டர், மேலேருந்து விழுமே, அது!"

"என்ன விழுது?"

"தண்ணி! வானத்துலேருந்து!"

"ஐயோ, அங்க —— பெய்யுதா?"

(கோடு போட்டது நான். சிஸ்டர் அந்த இரண்டெழுத்துச் சொல்லைத் தாராளமாகச் சொன்னார். நடு மத்தியாஸ் எனக்கும் அண்ணன்தான். அண்ணியின் பெயருக்கு அதுதான் பொருள். ஆகவே என் பேனாவுக்கும் அது தம்பு.)

"அதேதான், சிஸ்டர்! அதேதான்!"

"வானிலைய அப்புறம் சொல்லு. பேரைக் கேட்டேன்."

"அதைத்தானே தொண்டை கிழியச் சொல்றேன்! கொட்டுது! சோன்னு கொட்டுது!"

"கொட்டினா போட் எப்படிய்யா வரும்? நிக்கட்டும், அப்புறம் கூப்பிடு."

"நின்னா செத்துருவாங்க!"

சிஸ்டர் பேசுகருவியை வைக்கப் போனவர், வானத்தைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினார். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் முனை பளிச்சென்று வெயிலில் கிடந்தது. ஒரு மேகம் இல்லை.

மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். சிவப்பு வட்டத்துக்குள் ஞானஸ்நானப் பெயர் ஒன்று. பக்கத்தில் ஊரில் கூப்பிடும் பெயர், எங்கள் பாஷையில். சிஸ்டர் எங்கள் பக்கம் வந்து ஒன்பது வருஷமாகிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் அவருக்குத் தெரியும்.

வார்டில் இருந்தவளை உதவி நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் போட்டுக்கு ஓடினார்.

4.

இந்த இடத்தில் அண்ணியைக் கொன்றுவிடலாம் என்று ஒரு வரைவு எழுதினேன். இதை அனுப்பப்போகும் எங்கள் கல்லூரி இதழில் சோகத்துக்குத்தான் மரியாதை. போட் வருகிறது, கரையில் பெண்கள் அமைதியாக நிற்கிறார்கள், சிஸ்டர் கையிலிருந்து குளிர்பெட்டி— அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். நான் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணி எனக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அந்த மீனையே தின்றுகொண்டு ஆளைத் தீர்ப்பதற்கு எனக்கு இன்னும் பயிற்சி போதாது.

நடந்தது இதுதான். சிஸ்டர் ஓடைப் பக்கத்துப் பிரசவக் குடிசைக்குள் நுழைந்து கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். பத்து நிமிஷத்தில் ரத்தம் கொட்டத் தொடங்கியது. ஊசி தயாராக இருந்தது. சிஸ்டர் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். கை மரத்துப்போன பிறகும் விடவில்லை. ரத்தம் நின்றது. போட்டை மட்டும் அனுப்பியிருந்தால் அந்த நேரத்தில் அண்ணி நடுக்கடலில் இருந்திருப்பார். மருந்து கரையில் இருந்திருக்கும்.

(சிஸ்டர் இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "போட்டுல நான் ரெண்டு தடவை வாந்தி எடுத்தேனே, அதை ஏன் விட்டுட்ட?" விடவில்லை, சிஸ்டர்.)

5.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிஸ்டர் அதை முடிக்க விடவில்லை. அடுத்த முறை ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டால் என்னாவது என்ற கவலை அவருக்கு. வெள்ளை பெயின்ட் டப்பாவோடு வந்து, எங்கள் ஊரில் பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் கொடுத்து வீட்டுத் தூணில் எழுதினார்.

"பேரு வேணாம், போனிபாஸ். நம்பரைச் சொன்னா போதும்."

"நம்பருக்கென்ன சிஸ்டர், நல்லாச் சொல்லலாம்."

அடுத்த பகுதியின் தலைப்பைப் பார்த்தால் என்ன நடந்தது என்று புரியும்.

ஐந்துக்கு அடுத்தது.

இரண்டே மாதம். தூணில் எழுதிய எண்ணையே எல்லோரும் அண்ணிக்குப் பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள். பெயரானதும் எண்ணும் தம்பு ஆயிற்று. போனிபாஸ் இப்போது தேங்காய் எண்ணும்போது "நாலு, அஞ்சு, அதுக்கடுத்தது, ஏழு" என்கிறார். கோயிலில் பத்துக் கட்டளைகளில் ஒன்றை மட்டும் எங்கள் வீட்டு ஆண்கள் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுத் தாண்டுகிறார்கள். எது என்று கத்தோலிக்கர் யாரையாவது கேளுங்கள். சிலருக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. எனக்குத்தான் இரட்டை நஷ்டம். நீங்கள் அந்த எண்ணுக்கும் நதிக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால் இனி நதியையும் நதி என்று மட்டும்தான் எழுத முடியும்.

7.

இதையெல்லாம் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், கோடு போட்ட இடத்தில் இருமியபடி. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டார்.

"கொழுந்தனாரே, அன்னிக்கு எனக்கு வலிதானே வந்துது, வாயா போச்சு? என் பேரை நானே சொல்லியிருப்பேனே. எனக்கு நான் தம்பு இல்லையே!"

"ரேடியோ ஆம்பளைங்க வீட்டுல இருக்கு, அண்ணி. பொம்பளைங்க உள்ள வரக் கூடாது."

"அங்க ஏன் தொங்கவிட்டீங்க?"

"கூரை உசரம். ஆண்டெனா நல்லா எடுக்கும்."

"தென்னை மரம் அதைவிட உசரம்."

இந்தக் கதையில் நான் எழுதாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ரேடியோ, போட், பெயின்ட் எல்லாவற்றுக்கும் கதையில் இடம் கொடுத்திருந்தேன். வலி எடுத்தவரை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும்தான்.

அண்ணி அதை ஊர்க்கூட்டத்தில் சொன்னார். ரேடியோவைப் பெண்கள் பக்கம், பிரசவக் குடிசைக்கு மேலே உள்ள தென்னந்தோப்புக்கு மாற்ற வேண்டும் என்றார். இரண்டு ஞாயிறாகப் பேசுகிறார்கள். "முன்னோர் காலத்துலேருந்து அது அங்கதான் இருக்கு" என்கிறார் போனிபாஸ். (ரேடியோ வந்து மூன்று வருஷம் ஆகிறது.) "பொம்பளைங்க கையில குடுத்தா நாள் பூரா பேசுவாங்க, பேட்டரி தீந்துரும்" என்றார் பெரிய மத்தியாஸ். அதைச் சொல்ல அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

சின்ன மத்தியாஸின் மனைவிக்கு மறுபடி எட்டு மாதம். கூட்டம் முடியும்வரை அவள் வயிறு காத்திருக்காது.

ரேடியோ மாறியது என்று எழுதினால் பொய். மாறவில்லை என்று எழுதினால், இதைப் படித்துவிட்டு அண்ணன்மார் 'அதான் எழுதியாச்சே' என்று எழுந்து போய்விடுவார்கள். ஆகவே நான் எழுதப்போவதில்லை. எங்களில் யாருக்கும் நீங்கள் தம்பு இல்லை. எந்தப் பெயரையும் உரக்கச் சொல்லலாம், யார் முகத்துக்கு நேராகவும் பேசலாம். அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும், மாமரத்தடியில். வரும்போது பாக்குக் கொண்டுவாருங்கள். வாய் நிறையப் பாக்கு இருந்தால்தான் எங்கள் ஊர் ஆண்கள் அடுத்தவர் பேசுவதைக் கேட்பார்கள்.