ஜாகிர் நானாவின் விலை

ஜாகிர் நானாவின் விலை இருபத்தாறு. மலேசிய வெள்ளியும் இல்லை, சென்னும் இல்லை, வெறும் இருபத்தாறு. தனியாகத் தொழுதால் ஒரு பங்கு நன்மை, இன்னொருவரோடு சேர்ந்து தொழுதால் இருபத்தேழு பங்கு என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்தார்கள். இருபத்தேழில் ஒன்று என்னுடையது. மீதி, பக்கத்தில் வந்து நிற்கிற ஆளால் கிடைப்பது. ஒன்பது வருடமாக எனக்கு அந்த ஆள் ஜாகிர் நானாதான். அந்த ஒன்பது வருடமும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் இருவரின் சாப்பாட்டுக் கடைகளும் ஆயர் தாவார் போகும் சாலையில், பழைய ரப்பர் தோட்டத்து முச்சந்தியில், எதிரெதிரே இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துச் சனங்களில் பாதிப் பேர் ஈப்போவுக்குப் போனார்கள், லாரிக்காரர்களும் வங்காளத் தொழிலாளர்களும் வந்தார்கள். யார் வந்தாலும் ரொட்டி சானாய் தின்பார்கள், அதனால் எங்களுக்குக் குறையில்லை. என் கடைக்குப் பின்னால் ஒரு சூராவ், சின்னத் தொழுகைக்கூடம், இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை, முப்பது பேர் தொழலாம். மாலையில் நிறைந்துவிடும். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு மட்டும் ஆள் வராது. தொழிலாளர்கள் அந்நேரம் லாரியில் ஏறியிருப்பார்கள். பெரிய பள்ளிவாசல் எட்டு கிலோமீட்டர் தள்ளி. போய்விட்டு வந்து கடை திறந்தால் மத்தியானச் சோறுதான் விற்கலாம். ஆகவே சுபுஹுக்கு நானும் அவரும்.

சண்டை ரொட்டி மாஸ்டரால் வந்தது. என் கடையில் மாவு வீசிக்கொண்டிருந்தவனை ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையில் அவர் தன் கடைக்கு இழுத்துக்கொண்டார். அவன் ஆறு மாதத்தில் அங்கிருந்தும் கம்பி நீட்டிவிட்டான். சண்டை மட்டும் எங்களுக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அதுவரை ‘நானா’ என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினேன். மனசுக்குள் மட்டும் பழக்க தோஷத்தில் நானாவாகவே இருந்தார்.

அதற்கு முந்தின வருடம் என் மனைவி நஜீமாவுக்கு ஈப்போவில் இருதய அறுவைச் சிகிச்சை. நாற்பது நாள் ஒரு வேளை தவறாமல் தொழுதேன். எவரும் எழுப்பவில்லை, அலாரம் வைக்கவில்லை. கையேந்தினால் கண்ணீர் தானாக வந்தது. அல்லா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நஜீமா பிழைத்து வந்து, சமைத்து, உப்பு அதிகமென்று நான் சொல்ல, உங்களுக்கு வாய் அதிகமென்று அவள் சொன்ன மூன்றாவது வாரத்தில் சுபுஹைத் தூங்கித் தொலைத்தேன். அதன்பின் நடுநடுவே எழுந்தாலும் கையேந்தியபோது கேட்க ஒன்றுமில்லை. வாங்க எதுவும் இல்லாதவன் கடைக்குள் நுழையக் கூச்சப்படுவான். அப்படிக் கூசிக்கொண்டு நின்றேன். பிறகு நிற்பதையும் விட்டேன்.

திரும்ப என்னை எழுப்பியது இறையச்சம் என்று சொன்னால் பொய். சண்டை வந்த மாதம், கழிவறைக்குப் போக எழுந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜாகிர் நானா தொப்பி போட்டுக்கொண்டு சூராவுக்குப் போகிறார். என் மாஸ்டரைத் தூக்கின ஆள் சொர்க்கத்துக்கும் எனக்கு முன்னால் போவதா? மறுநாள் நானும் போனேன்.

போன இடத்தில் ஒரு சிக்கல். இரண்டு பேர் தொழுதால் ஒருவர் இமாம், மற்றவர் அவருக்கு வலப்பக்கம் ஓரடி பின்னால். யார் முன்னால் நிற்பது? பேசாமலே ஒரு சட்டம் உண்டானது: முந்தி வந்தவர் இமாம். ஆறு மணித் தொழுகைக்கு அவர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். நான் ஐந்து நாற்பதுக்கு வந்தேன். அவர் ஐந்தரை. இப்படியே போய், இருவரும் ஐந்து இருபதுக்கு வீட்டு விளக்கைப் போடுகிறவர்கள் ஆனோம். படியில் அவர் செருப்பைப் பார்த்தால் வயிறு எரியும். பார்க்காவிட்டால் உள்ளே போய் குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு, காத்திருக்காதவன் போலக் காத்திருப்பேன். தொழுகை முடிந்ததும் வலமும் இடமும் திரும்பி சலாம் சொல்ல வேண்டும். அது எனக்கா, தோளில் இருக்கிற வானவர்களான மலக்குகளுக்கா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

ஒன்பது வருடம். யாரும் சாகவில்லை, கடை எரியவில்லை, லாட்டரி விழவில்லை. எழுந்தேன், தொழுதேன், கடை திறந்தேன்.

போன மாதம் மாவு மூட்டை இறக்க வந்த லாரிக்காரர் தேவன், எதிர்க்கடை கைமாறுகிறது, கைப்பேசிக் கடை வரப்போகிறது என்றார். ஜாகிர் நானா சித்தியவானில் மகள் ரஸ்னா வீட்டோடு போகிறாராம். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. காலை வியாபாரம் முழுக்க இனி என் பக்கம். படுக்கப் போகும்போதுதான் உறைத்தது: அவர் செருப்பு இல்லாத படியில் நான் ஏறுவேனா? என்னை எனக்குத் தெரியும். மூன்று வாரம் தாங்காது.

கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு ரோட்டைக் கடந்து அவர் கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்தவர் நிமிரவில்லை.

“ரொட்டி வெறுமையா, முட்டை போட்டா?” என்றார்.

“நானா, கடையை விடுறீங்களாமே.”

“ரொட்டி வேணாம்னா வழியை மறைக்காதே.”

உட்கார்ந்து ஒரு ரொட்டி சொன்னேன். மெல்லிசாக, நன்றாகவே இருந்தது. தின்றுகொண்டே பேரத்தை ஆரம்பித்தேன். என் இப்போதைய மாஸ்டரை அவருக்கே விட்டுக் கொடுப்பதாகச் சொன்னேன். அதை ஒன்பது வருடத்துக்கு முன்னால் செய்திருக்கலாம் என்றார். முழங்கால் போய்விட்டது, கடைக்கு மேல் மாடி வீடு, இனிப் படி ஏற முடியாது என்றும் சொன்னார். என் கடையின் பின்னறையைச் சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

“என்ன வாங்க வந்தேன்னு சொல்லாம விலையை மட்டும் ஏத்திக்கிட்டே போறே, ரஹீம்.”

“சுபுஹுக்கு ஆள் இல்ல.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, “இருபத்தாறு நட்டம்தான் உனக்கு” என்றார். “எனக்கு நட்டம் இல்ல லா. ரஸ்னா வீட்டுப் பக்கத்திலயே பள்ளிவாசல். நாலு வரிசை நிக்கும்.”

ரொட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

அவர் போன மறுநாளே நான் மாற்று ஏற்பாடு செய்தேன். உரக் கிடங்கின் இரவுக் காவலாளி ஷொஹாக், நாற்பது வயது வங்காளதேசி, ஐந்தரைக்கு வேலை முடித்து வருவார். தினம் என்னோடு சுபுஹு தொழுதால் இரண்டு ரொட்டியும், இழுத்து ஆற்றின தேநீர் ஒரு தே தாரிக்கும் என் செலவு என்று பேசி முடித்தேன். இருபத்தாறை இதைவிட மலிவாக யாரும் வாங்கியிருக்க முடியாது. மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. ஐந்து இருபது ஐந்தரை ஆனது, ஐந்தரை ஐந்தே முக்கால் ஆனது. அவர்தான் காத்திருப்பாரே. நான்காம் நாள் கண் விழித்தபோது வெயில் அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஷொஹாக் என்னை எதிர்பார்த்துப் பார்த்து, கடைசி நேரத்தில் தனியாகத் தொழுதுவிட்டு, கடை வாசலில் ரொட்டிக்காக உட்கார்ந்திருந்தார். கொடுத்தேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஏற்பாட்டை மட்டும் முடித்துக்கொண்டேன்.

நஜீமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் தூங்கும் நாட்களில் பாவமென்று எழுப்பாமல் தனியாகத் தொழுதுகொள்கிறவள் அவள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்:

“கணக்கு இருபத்தாறுதான்னா என்னோட நின்னாலே கிடைக்குமே. ஒன்பது வருஷமா வீட்டிலேயே இருந்துச்சு. ஒரு நாள் கேட்டீங்களா?”

சரக்கு வீட்டிலேயே இருக்க, எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறேன். அப்படியென்றால் நான் வாங்கியது வேறு ஏதோ.

அன்று பகல் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவானந்தன் வந்தார். பதினைந்து வருடமாக மூன்றாம் மேசை, பால் விடாத ஒரு கோப்பி ஓ, ஒரு பேப்பர். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் சாப்பாடு சொன்னவர்களின் முகம் எனக்கு நினைவில்லை. இவர் ஒரு நாள் வராவிட்டால் பத்து மணிக்குள் யாரிடமாவது விசாரித்துவிடுவேன். அவர் என்னிடம் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார். மேசையை நானே துடைத்தேன்.

அன்றிரவு நஜீமாவிடம், காலையில் சூராவுக்குப் போகிறேன் என்றேன். நானும் வாரேன் என்றாள்.

மறுநாள் கைப்பேசி ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். ஐந்து பதினெட்டு. ஒன்பது வருடமாக அழிக்காமல் வைத்திருந்த பெயர்: நானா. எடுக்கும்முன் வெட்டிவிட்டால் காசு போகாது என்பது எங்கள் சாதி வியாபாரிகளுக்குப் பாலபாடம். சித்தியவானில் நாலு வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டும் என்னை இரண்டு நிமிடம் முந்துகிறார். மறுநாள் ஐந்து பதினைந்துக்கு நான் அடித்து வெட்டினேன்.

போனில் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் இப்போது என் செருப்பும் நஜீமாவின் செருப்பும்தான். அவள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். சில நாள் கையேந்தும்போது கேட்பதற்கு எதுவும் இருப்பதில்லை. வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.

இன்று காலையோடு பத்தொன்பது நாள். நஜீமா புண்ணியத்தில் இருபத்தேழு தினமும் வந்துவிடுகிறது, அந்த வகையில் நட்டமில்லை. ஷொஹாக்கைக் காக்கவைத்துத் தூங்கித் தொலைத்த சுபுஹு ஒன்று, களாவாகத் தொழுது அடைத்தாயிற்று. ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் அடித்து இரண்டு பக்கமும் பிஸி என்று வந்தது, அதை யார் பேரிலும் எழுதவில்லை. மற்றபடி முந்தியது ஜாகிர் நானா பதினொன்று, நான் ஏழு. நாலு பாக்கி.