ஆறு ஸ்க்ரூ

கழுத்தில் மூன்று எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து, தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்றே குடோனில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். “எல்லாருக்கும் ஸ்க்ரூ லூசு, நம்ம ஆளுக்கு மட்டும்தான் டைட்டு” என்றான் ஒரு லாரி டிரைவர். அன்றிலிருந்து அவன் ஸ்க்ரூ. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், தலை அசையாமல்.

ஆபரேஷன் கையில் இருந்த மரமரப்பைப் போக்கியது. கழுத்து வலியை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தது. தம்ளரில் கடைசி வாய்த் தண்ணீரை அவன் குடிப்பதில்லை, அதற்கு அண்ணாந்தாக வேண்டும். தும்மல் வந்தால் குலைநடுங்கும். பின்னாலிருந்து மனைவி கூப்பிட்டால் பீரோவை நகர்த்துகிற மாதிரி ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும்.

குடோனில் அவன் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட், சரக்கை முன்னால் தூக்கிக்கொண்டு போகிற வண்டி. அது இல்லையென்றால் மூட்டை தூக்குகிற வேலைதான், அதை இந்தக் கழுத்து தாங்காது. அங்கே சூப்பர்வைசராக இருப்பது அவன் மனைவியின் அண்ணன். மச்சான் சொன்னதால்தான் மேனேஜர் ஓட்டிக் காட்டச் சொன்னார். இடுப்பைத் திருகித் திருகி ஓட்டிக் காட்டினான்.

“வலி ஏதும் இருக்கா?” என்று கேட்டார் மேனேஜர்.

“சுத்தமா இல்ல சார்.”

“ஒரு புகார் வந்தாலும் வண்டி கிடையாது, பாத்துக்க.”

முன்னால் சரக்கு உயரமாக அடுக்கியிருந்தால் வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்ட வேண்டும். ஹாரனை அங்கே ஒருத்தரும் சட்டை செய்வதில்லை, நாள் முழுக்க அது அலறிக்கொண்டேதான் இருக்கும். டிரைவர் திரும்பி, முகம் தெரிந்தால்தான் குறுக்கே போவார்கள். யாரும் எழுதிவைக்காத சட்டம். ஸ்க்ரூ இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டிக்கொண்டான். கண்ணாடியில் அவன் பார்த்துவிடுவான். ஆனால் முகம் திரும்பாததால் ஆட்கள் நட்ட கம்பம் மாதிரி நிற்பார்கள். “போங்க, பாத்துட்டேன்!” என்று கத்திக் கத்தித் தொண்டையும் போனது.

ஒருநாள் மதியம், அட்டைப்பெட்டிகளோடு ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தபோது தோள்பட்டையிலிருந்து பின்மண்டை வரை வலி சுரீரென்று ஏறியது. அதற்கு அவன் கண்டுபிடித்திருந்த ஒரே வைத்தியம், மேலுடம்பை இடப்பக்கம் திருப்பி அப்படியே மூச்சை அடக்கிக்கொள்வது. வண்டியை நிறுத்தாமலே அதைச் செய்தான். பெருக்குகிற அக்கா அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். முகம் திரும்பியதும் வண்டிக்குக் குறுக்கே நடந்தாள். தொப்பி நிழலில் அவன் கண் மூடியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அலறல் கேட்டு பிரேக்கை மிதித்தான். சக்கரத்தின் அடியில் துடைப்பம் கிடந்தது. அக்கா தள்ளி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். மயிரிழையில் தப்பித்தாள் என்று சொல்ல வேண்டும்.

மேனேஜரும் மச்சானும் ஓடிவந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா சொன்னாள்.

“தம்பி மேல தப்பில்ல சார். திரும்பி என்னைப் பாத்துச்சு. நான்தான் ஆடி அசைஞ்சு வந்துட்டேன்.”

மச்சானுக்குப் போன உயிர் வந்தது. வண்டிப் பக்கம் குனிந்து, “மாப்ள, பாத்தேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் சமாளிச்சுக்கறேன்” என்றார்.

“அப்போ நாளையிலேருந்து நீ வர வேணாம்மா” என்றார் மேனேஜர் அக்காவிடம். அவள் துடைப்பத்தை உருவப் பார்த்தாள். அது வரவில்லை.

ஸ்க்ரூவுக்குப் பயம்தான். வேறு யாராவது என்றால் இல்லையென்று தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அவன் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

“நான் பாக்கல சார். கண்ணை மூடிட்டிருந்தேன். வலி.”

“வலி இல்லேன்னு சொன்னியே?”

“பொய் சார். எப்பவும் வலிக்குது.”

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். அவன் சாவியை உருவி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். ஆள் முழுசாக அக்கா பக்கம் திரும்பினான். முழங்கையைப் பிடித்தபடி அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நீ என்னைப் பாக்கவே இல்லையா?”

“இல்லக்கா.”

வண்டி அணைந்துதான் இருந்தது. இருந்தும் அவள் நகர்ந்து தள்ளி நின்றாள்.