லால்முனி சொன்ன வசனம்

தினேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். முதல் கல்யாணம் தேவன் என்பவனோடு நடந்து ஒன்றரை வருஷத்தில் முறிந்தது. அதற்குப் பிறகு குனோங் ராபாட்டில் அப்பா கார்த்திகேசுவோடு ஒரு வரிசை வீட்டில் இருந்தாள். இன்னொருவனை நம்ப அவளுக்கு எட்டு வருஷம் பிடித்தது. அந்த இன்னொருவன் உபேந்திரா.

உபேந்திரா பீகாரில் சிவான் மாவட்டத்துக்காரன், போஜ்புரி பேசுகிறவன். ஆறு வருஷமாக அதே தொழிற்சாலையில், சூடான அச்சிலிருந்து கையுறைகளை உருவி எடுக்கும் வேலை. மலாய் நன்றாகவே பேசுவான். தமிழில் நாலு வார்த்தை தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மலாய்தான் பாஷை. கார்த்திகேசு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும், ஷிஃப்ட் முடிந்ததும் கைகூடக் காயாமல் வந்து நின்றவன் அவன்தான். பெரியவரைத் தூக்கி உட்கார வைப்பான், முகம் துடைத்துவிடுவான். இவன் சும்மா வரவில்லை, பொண்ணுக்காக வருகிறான் என்று கார்த்திகேசுவுக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தார். அவருக்கும் அவனைப் பிடித்துவிட்டது.

வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் இங்கே கல்யாணம் பதிவு செய்ய முடியாது. பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய், வேறு விசாவில் திரும்பி வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று உபேந்திரா சொன்னான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மலையடிவாரத்துக் கோவில் ஒன்றில் கார்த்திகேசு முன்னால் தாலி கட்டினான். கம்பெனிக்குத் தெரியாது. மற்ற நாளெல்லாம் ஹாஸ்டலில் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வீட்டுக்கு வருவான்.

அப்படி வரும்போதெல்லாம் ஊருக்கு வீடியோ கால் போடுவான். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வருவாள். "பாபி. அண்ணன் பொண்டாட்டி. பேரு லால்முனி" என்று அறிமுகம் செய்து வைத்திருந்தான். அண்ணன் பஞ்சாபில் வேலை செய்கிறார், வீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றான். அவள் பக்கத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்து நின்று "சாச்சா" என்பான். சித்தப்பா என்று அர்த்தம். கூப்பிட்டுவிட்டு ஒரு தடவை தன் அம்மா முகத்தைப் பார்ப்பான். கூச்சப்படுகிறான் என்று தினேஸ்வரி நினைத்துக்கொள்வாள். ஊருக்குப் போன ஒரு கூட்டாளி கையில் லால்முனிக்கு ஒரு பச்சை சேலை கொடுத்தனுப்பினாள். சேலை போய்ச் சேர்ந்ததா என்று கேட்க லால்முனியின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு லால்முனி அதைக் கட்டிக்கொண்டு வந்து காட்டினாள். இரண்டு பேரும் பாஷை இல்லாமல் சிரித்துக்கொண்டார்கள். இப்படியே இரண்டு வருஷம் போனது.

அவர்கள் ஊரில் கல்யாணம், திருவிழா என்றால் நாச் நடக்கும். ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடிப் பாடி நடிக்கிற கூத்து. பிழைக்கப் போன இடத்தில் புருஷன் வேறொருத்தியோடு தங்கிவிடுவதும் ஊரில் பெண்டாட்டி காத்திருப்பதும்தான் அதில் பாதிக் கதை. உபேந்திரா வாலிபத்தில் ஒரு நாச் கோஷ்டியில் பெண் வேஷம் கட்டியவன். இந்த வருஷம் ஹோலி முடிந்த ஞாயிறு ஹாஸ்டல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாச் போடுவதென்று முடிவானது. காத்திருக்கும் பெண்டாட்டி வேஷம் அவனுக்கு. தினேஸ்வரிதான் அவனுக்கு மடிப்பு வைத்துச் சேலை கட்டி ஊசி குத்திவிட்டாள். கார்த்திகேசு பார்த்துவிட்டு, தோட்டத்துத் திருவிழாவில்கூட இவ்வளவு பொருத்தமான பொம்பளை வேஷத்தைப் பார்த்ததில்லை என்றார்.

சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயங்களைத்தான் கம்பெனி ஹாஸ்டலாக வைத்திருந்தது. அங்கே இருந்த தகரக் கொட்டகையில் மத்தியானம் மூன்று மணிக்கு நாச் தொடங்கியது. தினேஸ்வரி, தொழிற்சாலைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குல்ஜார் பேகத்தைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தாள். குல்ஜார் பேகத்தின் கடையில் பதினைந்து வருஷமாக வடக்கத்தி ஆட்கள்தான் வேலை. ஹிந்தியும் அவர்கள் பேசும் போஜ்புரியும் அவளுக்குப் பழக்கம். காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் கதையில் வரும் அந்த வேறொருத்தி வந்தாள். கறுப்புக் கண்ணாடியும் உதட்டு நிறைய சிவப்புச் சாயமுமாக ஒரு தடியான ஆள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் சில பேர் தினேஸ்வரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அங்கே இருந்த பெண்கள் நாலே பேர், அதனால் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள்.

பிறகு உபேந்திரா வந்தான். டோலக் மேளம் நின்றது. அவன் தரையில் உட்கார்ந்து, எதிரே யாரோ இருக்கிற மாதிரி மெதுவாகப் பேசினான். குல்ஜார் பேகம் தமிழில் சொன்னாள்:

"உங்க பழைய செருப்பைத் தினம் சாயங்காலம் வாசல்ல எடுத்து வைக்கிறேன். வீட்டுல ஆம்பளை இருக்கான்னு தெருவுல போறவன் நினைக்கட்டும்னு. விடிஞ்சதும் உள்ள எடுத்து வைக்கிறேன். செருப்பு தேயல. வச்சு எடுத்து என் கைதான் தேயுது."

கொட்டகையில் ஆண்கள் சத்தமில்லாமல் அழுதார்கள். பல பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். தினேஸ்வரிக்குப் பெருமையாக இருந்தது.

முடிந்ததும் தேநீர் கொடுத்தார்கள். டோலக் வாசித்த ராம்தனி என்கிற வயதானவரிடம் குல்ஜார் பேகம், அந்தச் செருப்பு வசனத்தை எழுதியது யார் என்று கேட்டாள். தினேஸ்வரி பக்கத்தில் நிற்கிறாளே என்று அவர் தயங்கவில்லை, அவளுக்குத்தான் பாஷை தெரியாதே. குல்ஜார் பேகம் அவளோடு வந்தவள் என்பதை அவர் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். குல்ஜார் பேகம் தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தாள்.

காரில் ஏறி மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். பெட்ரோல் எண்ணெய்க் கடை பக்கம் வந்ததும் குல்ஜார் பேகம் ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"தினேஸ், அந்த வசனம் நாடகத்துல உள்ளது இல்லலா. அவன் பொண்டாட்டி போன்ல சொல்றதாம். அவ சொல்லச் சொல்ல இவன் நோட்டுல எழுதி வச்சுக்குவானாம். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியுமாம்."

"யாரோட பொண்டாட்டி?"

"உபேந்திராவோட. பேரு லால்முனின்னு சொன்னாரு."

தினேஸ்வரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தது மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. அவன் கூச்சப்படவில்லை. சரியாகச் சொன்னோமா என்று பார்த்திருக்கிறான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னாள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு குல்ஜார் பேகத்தின் கடை மாடியில் இருவரும் உட்கார்ந்து லால்முனியைக் கூப்பிட்டார்கள். லால்முனி திரையில் வந்ததுமே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொழுந்தனார் சௌக்கியமா என்று ஹிந்தியில் கேட்டாள்.

"இனிமே நடிக்க வேணாம்னு சொல்லுங்கக்கா. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க" என்றாள் தினேஸ்வரி.

குல்ஜார் பேகம் சொன்னதும் லால்முனியின் முகம் வெளிறிப் போனது. கையெடுத்துக் கும்பிட்டாள். பெர்மிட்டை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். கம்பெனியில் கல்யாணமாகாதவர்களைத்தான் வைத்துக்கொள்வார்கள், இந்த மேடம் பெரிய அதிகாரி, தெரிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று உபேந்திரா அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அதற்காகத்தான் அவள் தன் புருஷனுக்கு அண்ணியாக நடித்திருந்தாள்.

தினேஸ்வரிக்கு அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. மேடமாகவே இருந்துவிடலாம். பெர்மிட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் தானும் அவனோடு சேர்ந்து ஏமாற்றுகிற மாதிரி ஆகும். சட்டைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்துத் திரையில் காட்டினாள்.

லால்முனி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த பையனை வெளியே போய் விளையாடச் சொன்னாள். பிறகு எத்தனை வருஷம் என்று கேட்டாள். இரண்டு என்று தினேஸ்வரி விரலால் காட்டினாள்.

லால்முனி தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள். குல்ஜார் பேகம் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"அப்பாவை சாச்சான்னு கூப்பிட மாட்டேன்னான் என் புள்ள. நான்தான் ஒரு வாரம் அடிச்சு அடிச்சுப் பழக்கினேன். அவரு வேலை போயிடக் கூடாதுன்னு."

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு லால்முனி கேட்டாள். குல்ஜார் பேகம் நாச் நடந்ததைச் சொன்னாள், செருப்பு வசனத்தையும் சொன்னாள். இரண்டு வருஷம் என்று கேட்டபோது அழாத லால்முனி அப்போதுதான் உடைந்தாள். அதையுமா மேடையில் சொன்னார் என்று கேட்டாள். பார்த்தவர்களில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இருந்தார்களா, படமெடுத்தார்களா என்று கேட்டாள். எடுத்தார்கள் என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். இன்றைக்குள் ஊரெல்லாம் அந்தப் படம் வந்துவிடும். ஆளில்லாத வீடு என்று இத்தனை நாள் அவள் மறைத்து வைத்ததை அவனே பறையடித்துவிட்டான். இனி எந்தச் செருப்பை வைத்தால் என்ன என்றாள். சொல்லிவிட்டு அவளே அழைப்பைத் துண்டித்தாள்.

அன்று சாயங்காலம் உபேந்திரா வந்தான். ஊரிலிருந்து அவனுக்குத் தகவல் வந்திருந்தது. தினேஸ்வரி இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். கார்த்திகேசு உள்ளே நாற்காலியில் இருந்தார். அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் வெளியே வரவில்லை. தன்னைத் தூக்கி உட்கார வைத்த கைகள் என்பதை அவரால் மறக்க முடியவில்லை. அதற்காக அவனை மன்னிக்கவும் அவருக்கு மனசு வரவில்லை.

உபேந்திரா மலாயில் நிறையப் பேசினான். உன்னிடம் காட்டிய அன்பு பொய் இல்லை என்றான். லால்முனியை நினைத்துத்தான் அந்த வசனத்தைப் பேசினேன், பேசும்போது நிஜமாகவே அழுதேன் என்றான். ஆறு வருஷம் ஊருக்குப் போகாத ஆள் என்ன செய்வான் என்று கேட்டான். அவன் அழுததும் உண்மைதான் என்பது தினேஸ்வரிக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குக் கூடுதலாக எரிந்தது.

"நீ அழுதே. எல்லாரும் கை தட்டினாங்க. அவ சொன்னதுக்கு நீ என்ன பதில் சொன்னே?" என்று மலாயில் கேட்டாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, ஆபீஸில் சொல்லிவிடுவாயா என்று கேட்டான். கடைசியில் அவனுக்குக் கேட்க இருந்தது அது ஒன்றுதான்.

"சொல்ல மாட்டேன். சொன்னா உன்னை அனுப்பிடுவாங்க. அந்தக் கஷ்டம் உனக்கு இல்ல, அவளுக்கும் புள்ளைக்கும்தான்."

அவன் போன பிறகு தாலியைக் கழற்றிக் கோவிலுக்கு எடுத்துப் போனாள். பூசாரி காரணம் கேட்கவில்லை. வாங்கி ஒரு தட்டில் வைத்துவிட்டு, அவள் நெற்றியில் விபூதி பூசினார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோவில் வாசலில் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாள், கிடைக்கவில்லை. அதனால் தினமும் அவனைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் உருவிப் போடும் கையுறைகள்தான் அவள் மேசைக்கு வரும். ஹாஸ்டல் ஆட்கள் முன்போலவே மரியாதையாக "மேடம்" என்றார்கள். அவர்கள் எல்லாரும் இரண்டு வருஷம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவர்கள். அவள் அவர்களிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ராம்தனி மட்டும் ஒருநாள் கேண்டீனில் எதிரே வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆகஸ்டில் உபேந்திராவின் பெர்மிட் முடிந்தது. ஊருக்குப் போகிறான் என்றார்கள். மூன்று வாரம் கழித்து லால்முனியிடமிருந்து வீடியோ கால் வந்தது. குல்ஜார் பேகம் பக்கத்தில் இல்லை. லால்முனி தன் ஹிந்தியில் ஏதோ கேட்டாள். அதில் 'உபேந்திரா' என்பதும் 'எங்கே' என்பதும் தினேஸ்வரிக்கு விளங்கின. அவன் ஊர் போய்ச் சேரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அவளே காரை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். தாலி கட்டியவன் எங்கே என்று தேடி வந்ததாக நினைத்துக்கொள்வார்களே என்று வழியெல்லாம் உடம்பு கூசியது. போய்க் கேட்டாள். கடைசியில் ராம்தனிதான் அவளைத் தனியாக அழைத்து மலாயில் சொன்னார். அவன் விமானமே ஏறவில்லை, ஜோகூரில் ஒரு கட்டட வேலைக்குப் பெர்மிட் இல்லாமல் போய்விட்டான். புது நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

தினேஸ்வரி காரில் உட்கார்ந்தபடியே அதை லால்முனிக்கு அனுப்பினாள். அரை மணி நேரம் அங்கேயே காத்திருந்தாள். லால்முனியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கடைக்குப் போய் குல்ஜார் பேகத்திடம் போட்டுக் காட்டினாள். பத்து தடவை கூப்பிட்டேன், போனை அணைத்து வைத்திருக்கிறார் என்று லால்முனி சொல்லியிருந்தாள். நீங்கள் கூப்பிட்டால் ஒருவேளை எடுப்பாராக இருக்கும், எனக்காக ஒரு தடவை பாருங்கள் அக்கா என்று சொல்லியிருந்தாள்.

இனி அவன் குரலையே கேட்பதில்லை என்று தினேஸ்வரி முடிவு செய்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. தினேஸ்வரி அந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். நீங்கள் அழைத்த எண்ணை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. லால்முனிக்குக் கிடைத்த அதே பதில்தான் இவளுக்கும். அதை லால்முனிக்கு எப்படிச் சொல்வது என்று குல்ஜார் பேகத்திடம் கேட்டு, அந்த நாலு ஹிந்தி வார்த்தைகளைத் தன் வாயாலேயே சொல்லிப் பார்த்து, பிறகு பேசி அனுப்பினாள்.