ஒரே ஓட்டையில் ஐந்து குண்டு

1

கிட்டே வாங்க கண்ணுங்களா. ஃபேனுக்கு அடியில் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். இன்று ஒரு துப்பாக்கிக் கதை. யாரும் சாகமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் ஒரு டீக்கடை. பால் அடுப்புக்கு மேலே சாமி படம், பக்கத்தில் ஓர் அட்டை. அட்டையில் கறுப்பு வட்டம், நடுவில் ஓட்டை. ஒன்றே ஒன்றுதான். "இது என்னாப்பா?" என்றேன். "கொளஞ்சி வூட்டுக்காரம்மா சுட்டதுங்க. ஓட்டை ஒண்ணுதான், உள்ள போனது அஞ்சு குண்டு" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

[நிலா வெளிச்சத்தில் கொளஞ்சி ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தான். மருந்தை அளந்து தோட்டாவில்—]

அடித்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து தோட்டா கட்டினால் கதை இரண்டாம் பத்தியிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விடும். அப்புறம் நான் ஜாமீன் எடுக்கும் கதையைத்தான் எழுத வேண்டும். ஆகவே இது வெடிமருந்தே இல்லாத, காற்றின் அழுத்தத்தில் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. குண்டு மட்டும் ஈயம். உளுந்துப்பருப்பு அளவு, இடுப்பு ஒடுங்கியது.

2

துர்காவுக்குக் கை சின்னது. துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தில் இருந்ததிலேயே குட்டித் துப்பாக்கியை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். இரவல்தான். சென்னையில் நடக்கப்போகும் மாநிலப் போட்டியில் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றால் துப்பாக்கி அவளிடமே இருக்கும். இல்லையென்றால் அடுத்துக் காத்திருக்கும் தமிழினிக்குப் போய்விடும்.

(பயிற்சியாளர் செந்தமிழனுக்கு இந்த இடத்தில் ஒரு பக்கம் கொடுத்திருந்தேன். மனிதர் வாயைத் திறந்தால் தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று ஆரம்பித்துவிடுகிறார். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்து அவரை வெளியே அனுப்பிவிட்டேன்.)

குட்டித் துப்பாக்கிக்கு நாக்கு நீளம். எல்லாக் குண்டும் அதற்குப் பிடிக்காது. ஒரு கம்பெனிக் குண்டைப் போட்டால் மேலே துப்பும், இன்னொன்றைப் போட்டால் பக்கத்தில். எது ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, துப்பாக்கியை மேசையில் வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கி, கை ஆடாமல் ஒவ்வொரு டப்பாவாகச் சுட்டுப் பார்ப்பதுதான். துர்கா சுட்டாள். அட்டையெல்லாம் கோழி கிளறிய மாதிரி ஆனது.

"பொண்ணு பாக்கிற மாதிரி இல்ல இருக்குது இது" என்றான் கொளஞ்சி, அவள் புருஷன். பட்டறையில் களிமண்ணை அச்சில் அழுத்திப் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் மிஷினில் வேலை.

"நீங்க பாத்த மொத பொண்ணே நான்தான். உங்களுக்கு என்னா தெரியும்? என் பொட்டியில மட்டும் கை வெச்சிடாதீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

3

வைத்தான்.

புதிதாக ஒரு டப்பா வந்திருந்தது. துர்கா இன்னும் திறக்கவில்லை. கூட வேலை செய்யும் ஆதிநாராயணன், "குண்டு குண்டுங்கிறியே, கண்ணுல காட்டுடா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கொளஞ்சி டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். மூடியைத் திருகினான். வழுக்கியது. மொத்தமும் மிஷினுக்கு அடியில், களிமண் தூளில் கொட்டிப்போயிற்று.

"செத்தடா மாமா" என்றான் ஆதிநாராயணன்.

இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். நசுங்கியதைத் தள்ளிவிட்டு, மண்ணெண்ணெயில் அலசினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கொளஞ்சியின் கை விடவில்லை. அச்சுக்குள் போகிற எதற்கும் எண்ணெய் தடவிப் பழகிய கை அது. தடவாவிட்டால் களிமண் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கிக் குழலும் ஓர் அச்சுதான் என்று அந்தக் கை நினைத்துக்கொண்டது. அச்சு எண்ணெயைத் தொட்டு, துணியில் போட்டு உருட்டி, ஒன்று விடாமல் மினுக்கித் திரும்ப டப்பாவில் அடைத்து, பெட்டியில் வைத்துவிட்டான்.

துர்கா கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். மினுமினுப்பை வெளிநாட்டு மெருகு என்று நினைத்தாள். மண்ணெண்ணெய் வாடை? அது புருஷன் வாடை. வீடு முழுக்க அதுதான்.

மறுநாள் வைஸில் இறுக்கிச் சுட்டாள். ஐந்து குண்டு, ஒரே ஓட்டை. ஓடிவந்து கொளஞ்சியின் கன்னத்தைக் கிள்ளினாள். "கெடைச்சிடுச்சுங்க! இதுதான் என் குண்டு!"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கன்னம் சிவந்துபோய் நின்றான். அட்டையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

4

இங்கே ஒரு வாரம் கதை நகரவில்லை. [கொளஞ்சி ஓர் உத்தமன். அவன் மனம் பொன்—] சீ. உத்தமன் என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பான். பயந்தவன் என்று மாற்றி எழுதினேன். உடனே பேனா ஓடியது.

துர்கா அதே கம்பெனி, அதே டப்பா, இன்னும் இரண்டு வாங்கினாள். சுட்டாள். பழைய கோழிக் கிளறல். பழைய டப்பாவைப் போட்டாள். ஒரே ஓட்டை. துப்பாக்கியில் குறையில்லை. ஏதோ அதிர்ஷ்ட டப்பா ஒன்று தவறி வந்திருக்கிறது என்று முடிவுகட்டினாள். அதில் மிச்சம் இருந்ததோ ஒரு கைப்பிடி, போட்டிக்கே பற்றாது. வீணாக்கக்கூடாது என்று பயிற்சியை நிறுத்தினாள். பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். புது டப்பாவிலும் திருட்டுத்தனமாக எண்ணெய் தடவிவிடலாம் என்று கொளஞ்சி போட்டிருந்த கணக்கும் அதோடு முடிந்தது.

போட்டிக்குக் கிளம்பும் முன்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "போவலீங்க. தமிழினிகிட்டயே குடுத்துடறேன். அங்க போயி அசிங்கப்படறதுக்கு இது மேல்."

கொளஞ்சி தட்டைத் தள்ளி வைத்தான். "வா துர்கா, போவோம். பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

5

சென்னை பஸ். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சொல்லிவிட்டான். கொட்டியது, பொறுக்கியது, அலசியது, தடவியது, எல்லாம்.

துர்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் சில்லறை கொடுத்தபோதும் திரும்பவில்லை. கொளஞ்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கவில்லை. முறுக்கை நீட்டினான். வாங்கினாள், பின் சீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.

(இந்த இடத்தில் அவள் அழுவதாக ஒரு தடவை எழுதினேன். உங்களுக்காக அழமாட்டேன் என்றுவிட்டாள்.)

விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. கீழே இறங்கி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"எண்ணெ கொண்டாந்திருக்கீங்களா?"

கொளஞ்சி பையிலிருந்து இருமல் மருந்து பாட்டிலை எடுத்தான். உள்ளே அச்சு எண்ணெய். துர்காவுக்குச் சிரிப்பு வந்தது. வராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தாலிக்கயிற்றை இழுத்துப் பெட்டியைத் திறந்தாள். புது டப்பா ஒன்றை அவன் துண்டில் கொட்டினாள்.

"தேய்ங்க. அன்னிக்கு எப்பிடித் தேச்சீங்களோ, அதே மாதிரி."

"அன்னிக்குப் பயந்துகிட்டே இல்ல தேச்சேன்?"

"இன்னிக்கு மட்டும் பயம் இல்லாமலா இருக்குது? தேய்ங்க."

தேய்த்தான். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் என்று அவன் மூளைக்குத் தெரியாது. கையைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவளும் பக்கத்தில் குனிந்து நசுங்கியதைப் பொறுக்கித் தள்ளினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். "இருங்கண்ணே, குண்டு வெச்சிருக்கோம்!" என்று கத்தினான் கொளஞ்சி. பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். துர்கா தலையில் அடித்துக்கொண்டாள்.*

* ஈயம் தொட்ட கையோடு டீ குடிக்காதீர்கள் கண்ணுங்களா. அவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குடித்தார்கள். நான் நின்று பார்த்தேன்.

6

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் ஜெயித்தாள். எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டல் கேட்டது, கிழித்துவிட்டேன். ஒன்றில் தோற்று, துப்பாக்கியைத் தமிழினிக்குக் கொடுத்தாள். படித்துப் பார்த்தால் செந்தமிழன் வாசல் வழியே எட்டிப் பார்க்கிறார், கிழித்துவிட்டேன். மூன்றாவதில்—

[துர்கா நீட்டிய கையோடு நின்றாள். போட்டிக்கு முன் சரிபார்க்கச் சுடும் நேரம் அது. புது டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் குழலில் வைத்தாள். விரலில் பட்ட எண்ணெயை இடுப்பில் துடைத்தாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை]

இழுத்துவிட்டாள். குண்டு போய்க்கொண்டிருக்கிறது. எங்கே படும் என்று உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கும். அதை அட்டையில் நீங்களே குத்திக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது அந்த டீக்கடைப் பெஞ்சில், இருவரும் சேர்ந்து குனிந்தபோதே கிடைத்துவிட்டது.

நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் என்ன கொட்டினாலும் கூடக் குனிந்து பொறுக்க இன்னொரு கை இருக்கட்டும். சொல்லப் பயந்தவருக்குச் சொல்ல ஒரு பஸ் பயணம் அமையட்டும். கேட்டுக் கோபித்தவர்களுக்குப் பசி வருவதற்குள் சிரிப்பு வரட்டும். நல்லா இருங்க, உங்க வூட்டுல எல்லாரும் நல்லா இருக்கட்டும்.