பதினெட்டுக்கு ஒன்றரை

ஐப்பசி பதினெட்டாம் தேதி காலை பத்து இருபதுக்கு, மூன்று லிட்டர் எண்ணெய் பிடிக்கும் ஒரு வெள்ளைக் காரிலிருந்து எண்ணெய் வடியத் தொடங்கி நான்கு நாள் நிற்காமல் வடிந்தது. கார் அம்மையப்பனுடையது. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கிய நாளிலிருந்து அதில் ஓர் ஆணிகூட மாறவில்லை என்று ஆயுதபூஜைதோறும் மாலை போட்டுக்கொண்டே சொல்வார். எண்ணெய் மாற்ற அதை அவர் விட்ட இடம், சேரன்மகாதேவியில் கோமு ஒன்பது நாள் முன்பு திறந்த ஒர்க்‌ஷாப். பன்னிரண்டு வருடம் பிறர் கடைகளில் வேலை பார்த்துவிட்டு அவள் திறந்த சொந்தக் கடை. காரின் அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியின் ஓட்டையை அடைக்கும் திருகான டிரெய்ன் பிளக்கைக் கழற்றினாள். கையில் வந்ததும் அதன் மரை முழுக்க உதிர்ந்து திருநீறு போல விரலில் ஒட்டியது.

மூன்று லிட்டர் தட்டில் விழுந்தது. நாலாவது லிட்டர் விழுந்தபோது கோமு தட்டை மாற்றினாள். மதியத்துக்குள் டீக்கடை அண்டாவும் கல்யாண மண்டபத்துக் கொப்பரையும் நிறைந்தன. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையவில்லை. இரண்டாம் நாள் கறுப்பு போய்த் தேன் நிறத்தில் வந்தது. ஊரார் கேன்களில் பிடித்துப் போனார்கள். அந்த வாரம் சேரன்மகாதேவியில் எந்தக் கதவும் கிரீச்சிடவில்லை. சைக்கிள்கள் மிதிக்காமலேயே பாலம் ஏறின.

மிச்சம் தெருவில் ஓடியது. தெரு முடியும் இடத்தில் கால்வாய். பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியிருந்த நேரம். கால்வாய்ச் சங்கத் தலைவர் பூதத்தான் தெருவில் மணல் மூட்டை அடுக்கி உமி கொட்டினார். எண்ணெய் அதையும் நனைத்துக்கொண்டு நகர்ந்தது. அவர் கோமுவிடம் வந்தார்.

“ஏளா, ஒரு ஓட்டைய அடைக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு கடை? தண்ணியில ஒரு சொட்டு விழட்டும், அன்னைக்கே பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிருவேன்.”

“விழாது அண்ணாச்சி.”

“தண்ணிக்கு நேத்து எழுபது அடி இருந்துச்சு. இன்னைக்கு நாப்பது. எனக்கும் கழித்தல் தெரியும்.”

உதிரி பாகக் கடைகளில் யாரும் அளவு கேட்பதில்லை. வண்டியின் பெயரைக் கேட்பார்கள். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருந்த பாக்கியசீலனும் அதைத்தான் கேட்டார். கோமு பெயரைச் சொன்னாள். பதினாலு மில்லிமீட்டர் பிளக் வந்தது. ஓட்டைக்குள் குலுங்கியது. அதே வண்டிக்கு அடுத்த அளவு வாங்கினாள். நூல் சுற்றினாள், டேப் சுற்றினாள், செம்பு வாஷர் போட்டாள். ஏழு பிளக்கும் அந்தக் காருக்கானவை. ஏழையும் கார் துப்பியது.

நான்காம் நாள் காலை எண்ணெய்க்கும் கால்வாய்க்கும் இடையே ஆறு அடி இருந்தது. கோமு துவைக்கும் சோப்பைச் சீவி ஓட்டைக்குள் அமுக்கினாள். மூன்று மூச்சு நேரம் எண்ணெய் நின்றது. எடுத்துப் பார்த்தாள். சோப்பில் மரை பதிந்திருந்தது. குறுக்களவு பதினெட்டு. ஆறு மரைக்கு ஒன்பது மில்லி. அப்படியானால் மரைக்கு ஒன்றரை. அந்தக் காரில் அப்படி ஓர் அளவு கிடையாது.

“ஐயா, இது எந்த வண்டி?”

“என்ன கேள்வி இது? என் வண்டி” என்றார் அம்மையப்பன்.

“அடியில இருக்கத கேக்கேன்.”

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். பதினோரு வருடம் முன்பு மணிமுத்தாறு சாலையில் கல் அடித்து எண்ணெய்த் தொட்டி உடைந்தது. வெல்டர் ஒருவர், உடைத்துப் போட்டிருந்த கதிரடிக்கும் இயந்திரத்தின் எண்ணெய் வடிக்கும் வாயை வெட்டி அதில் பற்றவைத்தார். மனைவி பாலம்மாளுக்குக்கூட அவர் சொல்லவில்லை.

“ஒரு ஆணி மாறலன்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சீரே வே!” என்றார், உமி மூட்டையோடு நின்ற பூதத்தான்.

கோமு பாக்கியசீலனுக்குப் போன் போட்டாள்.

“என்ன வண்டிக்கும்மா?”

“வண்டிய விடுங்க அண்ணாச்சி. பதினெட்டுக்கு ஒன்றரை.”

இருபத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தேடி எடுத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். பஸ் வந்தபோது தெருவே பிளக்கை வாங்க நின்றது. கோமு அடியில் படுத்தாள். ஐந்து சுற்று விரலாலேயே ஏறியது. ஆறாவதற்கு ஸ்பேனர் போட்டாள். எண்ணெய் நின்றது. தெருவில் ஓடியதும், கேட்டுக்கொண்டது போல, கால்வாய்க் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பூதத்தான் குனிந்து தன் கையாலேயே சாண் வைத்துப் பார்த்தார். பிறகு கடை வாசலில் தேங்காய் உடைத்தார். அளவுக் கம்பியில் எண்ணெய் சரியாக இருந்தது. கார் ஒரே சாவியில் கிளம்பியது. ஊரார் அடித்த விசில் சத்தம் ரயில் நிலையம் வரை கேட்டது.

இப்போது பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை வரை பல ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு சோப்புக் கட்டி இருக்கிறது. முறுக்கேறாத பிளக்கோடு கோமுவிடம் வருபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாற்று நட்டு, பயிர் பால் பிடித்து, அறுவடை நல்லபடி முடிந்தது. பங்குனியில் கால்வாயை அடைத்தார்கள். மறுநாள் பூதத்தான் டிராக்டரில் ஒரு காலி டிரம்மை ஏற்றிக்கொண்டு, பின்னால் அம்மையப்பனைக் காரோடு வரச்சொல்லி, கோமுவின் கடைக்கு வந்தார்.

“தண்ணிதான் இல்லயே கோமு. பைய ஒரு சுத்து கழட்டிப் பாப்பமா?”