துபுளி

மூலக்குளத்துப் புருஷோத்தமன் கல்லூரியில் மெய்யியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். தம் சட்டைக்குத் தாமே இஸ்திரி போடுவார். எங்கே பேசப் போனாலும் சாக்பீஸைக் கையோடு கொண்டு போவார். மொழியைப் பற்றிய பாடத்தை அவர் என்றும் ஒரே விதமாகத்தான் தொடங்குவார். பலகையில் ‘குடை’ என்று எழுதி, இதைக் கேட்டதும் மழைக்கு விரிக்கும் ஒன்று மனத்தில் வருகிறதல்லவா என்பார். பக்கத்தில் ‘துபுளி’ என்று எழுதி, இதைக் கேட்டால் எதுவும் வராது, இது பொருளற்ற வெறும் ஒலி என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டையில் ஒரு படிப்பகத்தார் அவரைப் பேச அழைத்திருந்தனர். கணவர் பாடம் நடத்தி ஒருநாளும் கேட்டறியாத தாமரைச்செல்வி, அன்று தானும் வருவதாகச் சொல்லிக் கூடவே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள்.

குடை முடிந்தது. துபுளியை எழுதினார். படிப்பகச் செயலாளர் வடிவேலுக்கு வாய் சும்மா இராது.

“எங்க வூட்ல காலைல ஒண்ணு கிண்டிப் போட்டாங்க சார். இன்னான்னே தெரியாம துன்னுட்டு வந்தேன். அதான் போல.”

கூடம் சிரித்தது. புருஷோத்தமனும் சிரித்தார். பொருள் இல்லாததால்தான் வடிவேல் தம் வீட்டுப் பலகாரத்தை அதில் கொட்ட முடிகிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே, தாமரைச்செல்வி எழுந்து வெளியே போனாள்.

அவள் காதில் எது விழுந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அது அவர்கள் மகள் கார்குழலி உண்டாக்கிய சொல். கடைவீதியில் நடக்கும்போது இருவருக்கும் நடுவே நின்று, இரண்டு கைகளையும் நீட்டித் ‘துபுளி’ என்பாள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, கால் தரையில் படாமல் தூக்கி ஆட்ட வேண்டும். மூன்று வயது நிறையுமுன் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. பிறகு வீட்டில் ஒருவர் காதுபட மற்றவர் அந்தச் சொல்லை எடுத்ததில்லை. வகுப்பில் மட்டும், எடுத்துக்காட்டு என்ற பெயரில், அவர் ஆண்டுதோறும் அதை வாய்விட்டுச் சொல்லிவந்தார்.

ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

“வருசா வருசம் இதத்தான் சொல்லிக்குடுத்தீங்களா?”

“வூட்ல சொல்ல முடியல, செல்வி. அங்கதான் அழுவாம சொல்ல முடிஞ்சுது.”

“சொல்லிக்கிங்க. அர்த்தம் இல்லன்னு எதுக்குச் சொன்னீங்க?”

அவர் கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“நான் கொழாயத் தொறந்து வுட்டுட்டு அதச் சொல்லுவேன். ஒங்க காதுல வுழுந்தா தாங்க மாட்டீங்கன்னு.”

மூலக்குளம் வழியாகப் போகும் பேருந்து வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. நடத்துநர் ஏதோ முணுமுணுத்து விசில் ஊதினார்.

படிப்பக வாசலில் வடிவேல் வந்து நின்று, கூட்டம் காத்திருப்பதாகக் கையால் சைகை காட்டினார். தம் சிரிப்பு எங்கே பட்டதென்று அறியாத முகம் அது. புருஷோத்தமனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உள்ளே அமர்ந்திருந்த அத்தனை பேரும் துபுளிக்குப் பொருள் இல்லை என்று இவர் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போகப் போகிறார்கள் என்பதே நெஞ்சில் தைத்தது.

“நீ இங்கயே இரு. நான் சொன்னது தப்பு, அதுக்கு அர்த்தம் இருக்குதுன்னு போய்ச் சொல்லிட்டு வரேன்,” என்றார். “இன்னான்னு கேப்பாங்க. சொல்ல மாட்டேன்.”